வாயால் ஊட்டியவள்

முதன்முதலாக அவளைப் பார்த்த அன்று நான் வாந்தி எடுத்தேன்.

புழு வைத்த புண்ணைக் கழுவியிருக்கிறேன். சீழ் கட்டிய மார்பைக் கீறி வடித்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் வயிறு அசைந்ததில்லை. இலங்கை சுதந்திரம் பெற்ற மறுவருடம், ஹாலிஎலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சராகப் பொறுப்பெடுத்த காலை அது. மருந்துக் காம்பரா என்ற என் சின்ன ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சாய்ப்பில் ஒரு பெண் குந்தியிருந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். மடியில் கந்தல் துணி. அதற்குள் இறகு முளைக்காத, தோல் சுருங்கிய, தலை பெருத்த ஒரு குஞ்சு. அது கழுத்தை நீட்டி அவள் உதடுகளை அலகால் கவ்வியது. மென்ற சோளக்கூழை அவள் நாக்கால் தள்ளித் தள்ளி அதன் தொண்டைக்குள் இறக்கினாள். குஞ்சு தலையை உதறி உதறி விழுங்கியது. கூழும் எச்சிலும் அவள் நாடியில் வழிந்தன. புறங்கையால் வழித்து, வீணாக்காமல், அதையும் அதற்கே கொடுத்தாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு காலையில் தின்றதையெல்லாம் கக்கினேன்.

"உதென்ன செய்யிறாய்?" என்றேன், வாயைத் துடைத்தபடி.

அவள் குஞ்சைப் பெட்டியில் வைத்துச் சாக்கால் மூடினாள். சாய்ப்பை விட்டு வெளியே வந்து, என்னையும் கையசைத்து வெளியே வரச்சொல்லி, இருபது அடி தள்ளிப்போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பசிங்கய்யா அதுக்கு. கையால குடுத்தா வாங்காது. ஆத்தா வாயிலேருந்து திங்கிற சாதி."

பிறகு அடுப்புச் சாம்பல் எடுத்து வந்து என் வாந்தியின் மேல் தூவி அள்ளினாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆறு வருடம் என்னிடம் வேலை செய்தவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதி உரிமை கொண்டாடுவது எனக்கே கூசுகிறது. தோட்டத்தில் அவளைக் கிளிக்காரி என்பார்கள். நான் "இஞ்சை வா" என்பேன். மருந்துக் காம்பராவைக் கூட்டுவது, கட்டுத்துணி துவைப்பது, நோயாளிகளின் மலச்சட்டி கழுவுவது அவள் வேலை. நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. தொழிலாளர் வரிசைவீடுகளில், இரண்டாம் லயத்து மூலைக் காம்பராவில் தனியாக இருந்தாள்.

அந்தத் தோட்டத்தில் வெற்றிலை போடாத பெண் அவள் ஒருத்திதான். முன்பு போட்டவள்தான், சுண்ணாம்புக் காரம் குஞ்சுகளின் தொண்டையைப் பொத்துவிடுகிறது என்று கண்டதும் விட்டுவிட்டாளாம். மழைக் குளிரில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு வெற்றிலை எவ்வளவு ஆறுதல் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

அவள் காப்பாற்றியது சாதாரணப் பச்சைக்கிளிகளை அல்ல. தோளில் சிவப்புத் திட்டும் பெரிய சிவந்த அலகும் உள்ள மலைக்கிளிகள். கீழ்க் கிராமத்துச் சிங்களவர்கள் லபுகிரவா என்பார்கள். முன்பு முருக்க மரங்கள் பூக்கும் காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குமாம். நான் போன காலத்தில் ஒரு சோடி பறந்தாலே கொழுந்துக்காரிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவை பெரிய மரங்களின் பொந்தில்தான் முட்டை வைக்கும். விறகுக்கும் மறுநடுகைக்கும் என்று தோட்டம் பெரிய மரங்களை வெட்டிக்கொண்டே இருந்தது. வெட்டாத மரங்களில் கிளி பிடித்து விற்கும் பிடிகாரர்கள் ஏறினார்கள். பெரிய கிளிகளைப் பலாப்பிசின் தடவிய குச்சியில் ஒட்டவைத்துப் பிடித்தார்கள்.

மரம் விழுந்தால் அவள் அங்கே ஓடுவாள். பொந்திலிருந்து சிதறிய குஞ்சுகளை மார்புச் சூட்டில் வைத்துக் கொண்டுவருவாள். பிசின் ஒட்டிய இறகுகளை வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயால் ஒவ்வொன்றாக உருவுவாள். பிடிகாரன் இறகை வெட்டிவிட்ட கிளியாக இருந்தால் அடிக்கட்டையைப் பல்லால் கடித்துப் பிடுங்குவாள். பிடுங்கினால்தான் அந்த இடத்தில் புது இறகு சீக்கிரம் முளைக்கும். உதட்டில் கிளியின் இரத்தத்தோடு அவள் நிமிர்ந்து பார்த்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிளிகளின் முன்னால் அவள் ஒரு சொல் பேசமாட்டாள். வளர்ந்த கிளிக்குத் தீனி வைக்கும்போது சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொள்வாள். அவள் முகமும் அவற்றுக்குத் தெரியக்கூடாது, குரலும் தெரியக்கூடாது.

"மனுசப் பேச்சு பழகிச்சுன்னா மனுசங்கிட்டயே வருங்க. வந்தா பொழைக்குமா?" என்பாள்.

எந்த உடம்பிலிருந்து எது வந்தாலும் அவளுக்கு அருவருப்பில்லை. எச்சில், மலம், சீழ், புழு எல்லாம் அவளுக்குத் துடைக்க வேண்டிய காரியங்கள், அவ்வளவுதான். அவள் அருவருத்தது வேறு ஒன்றை. அதைக் கண்டால் "சீ" என்று ஒரே ஒரு எழுத்து சொல்வாள். துப்பமாட்டாள், திட்டமாட்டாள். ஆனால் அந்த ஒரு எழுத்தைக் கேட்டவனுக்குத் தன் கையை முகர்ந்து பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

ஒருமுறை கொழும்பு ரயிலுக்காக ஹாலிஎலை ஸ்டேஷனில் நின்றோம். எனக்கு மருந்துப்பெட்டி வரவேண்டியிருந்தது; தூக்கி வர அவளைக் கூட்டிப்போயிருந்தேன். மேடையில் ஒரு பிடிகாரன் மூங்கில் கூடையோடு உட்கார்ந்திருந்தான். அவள் கேட்காமலே போய் மூடியைத் தூக்கினாள். முப்பது நாற்பது குஞ்சுகள், ஒன்றன்மேல் ஒன்று. அடியில் கிடந்தவை செத்து நாறின. மேலே கிடந்தவை அந்தப் பிணங்களைக் கொத்திக்கொண்டிருந்தன.

"செத்தது, சாகப்போறது எல்லாம் எனக்குக் குடுங்கண்ணே. ரயில்ல நாறும்" என்றாள்.

அவனுக்கும் அது வசதிதான். அள்ளிக் கொடுத்தான். அவள் அங்கேயே உட்கார்ந்து, செத்தவற்றை ஒதுக்கி, உயிருள்ள நான்கின் மூக்குத் துளைகளில் நெளிந்த புழுக்களை நகத்தால் எடுத்தாள். பக்கத்தில் நின்ற கோட்டுப் போட்ட கனவான் ஒருவர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "இது பேசுமா?" என்று கேட்டார்.

"சீ" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

அவர் விலகிப்போனார். நான் அவளோடு வந்தவன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்று மேடையின் மறுகோடிக்குப் போனேன்.

கணக்கப்பிள்ளையின் வீட்டிலும் ஒரு மலைக்கிளி இருந்தது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மனுஷன் அவர். பெரட்டுக் களத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி ஏசுவது அவருக்குக் கறியும் சோறும் போல. தன் கிளிக்கும் அதையே கற்றுக்கொடுத்திருந்தார். அவர் வீட்டைக் கடக்கும் கொழுந்துக்காரிகளைப் பார்த்து, கூண்டுக்குள்ளிருந்து அது அவருடைய குரலிலேயே கத்தும்: "ஏய் கழுதை! வெரசா போ!" அவர் தொப்பை குலுங்கச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

சில காலத்தில் அந்தக் கிளி தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கியது. தோல் தெரிந்து இரத்தம் கசிந்தபோது கணக்கப்பிள்ளைக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கொன்றுவிடச் சொல்லி அவளிடம் அனுப்பினார். அவள் கொல்லவில்லை. எட்டு மாதம் வைத்து இறகு முளைக்கச் செய்தாள். ஆனால் அது சாய்ப்புக்குள்ளிருந்து "ஏய் கழுதை" என்று கத்துவதை நிறுத்தவே இல்லை. மற்றக் கிளிகள் பழகிவிடும் என்று அதைத் தனியாக, காட்டோரத்தில் ஒரு பெட்டியில் வைத்தாள். ஒருநாள் அது பெட்டியைக் கடித்துத் தப்பியது. நேரே ஆட்களைத் தேடிப் போனது. கொழுந்து மலையில் இறங்கி, பெண்களின் தலைக்குமேல் நின்று ஏசியது. அவர்கள் சிரித்தார்கள். பிறகு பாதையோரம் தரையில் இறங்கி அங்கே நின்ற வேலையாள் ஒருவனையும் ஏசியிருக்கிறது. அவன் மண்வெட்டியால் ஒரே போடு.

அதை அவள் கையில் தூக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளையின் வாசலுக்குப் போனாள். பிணத்தை அவர் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அந்த மனுஷன் அதை மறக்கவில்லை.

எனக்கு அவள்மேல் இருந்த அருவருப்புக்கு எச்சில் மட்டும் காரணமல்ல. சாதியும் அதில் இருந்தது. இல்லை என்று இந்த வயதில் எழுதினால் பொய். என் குடிதண்ணீர்ப் பானையை அவள் தொடக்கூடாது என்று வந்த முதல் வாரமே சொல்லிவிட்டேன். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கார்பாலிக் சவர்க்காரத்தால் கை கழுவுவேன்; அவள் கட்டுத்துணி மடித்து நீட்டினால் நுனியைப் பிடித்து வாங்குவேன். அவளுடைய கை என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு காலையில் மட்டும் எனக்குள் வேறு ஏதோ நடந்தது. இரண்டு கிளிகளை அவள் காட்டோரத்தில் திறந்துவிட்டாள். நான் வேலிக்கு இந்தப்புறம் நின்று பார்த்தேன். அவை தடுமாறி, சவுக்கு மரத்தில் மோதப்போய், விலகி, பள்ளத்தாக்குக்கு மேலே எழுந்தன. வெயிலில் அந்தப் பச்சையைக் கண்டு நான் வாயைப் பிளந்து நின்றேன். திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை. அதற்குள் வந்து தண்ணீர்ப் பீலியடியில் கட்டுத்துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், போறதைப் பார்க்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"நான் பாத்துக்கிட்டு நின்னா அதுகளும் திரும்பிப் பாக்குங்கய்யா" என்றாள்.

இனி எழுதப்போவதை இதுவரை நான் யாருக்கும் எழுதிக் காட்டியதில்லை.

நான் அங்கே போன ஆறாம் வருட மார்கழி, தை மழை விடவே இல்லை. லயத்துத் தகரங்கள் ஓட்டை. மண்தரை சொதசொதவென்று கிடந்தது. மூன்றாம் லயத்தில் ஒரு குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தது. அது பரவும் நோய். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் புள்ளக் காம்பராவை நான் அன்றே மூடச் சொல்லியிருக்க வேண்டும். மூடினால் தாய்மார் கொழுந்துக்கு வரமாட்டார்கள், தோட்டத்தை நடத்தும் துரை கோபிப்பார். கூரைத் தகரம் மாற்றவேண்டும் என்று முந்திய வருடம் ஒரு கடிதம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரண்டாவது கடிதம் எழுதவில்லை.

இரண்டு வாரத்தில் மூன்று குழந்தைகள் செத்தன. மூன்றாவது, ராக்காயி என்ற கொழுந்துக்காரியின் ஒரே பிள்ளை. ஐந்து மாதம்.

துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். பதுளையிலிருந்து மேற்பார்வை டாக்டர் வரப்போகிறார், காரணம் கேட்பார், என்ன சொல்லப்போகிறாய் என்றார். அவருடைய மேசைக்கு முன்னால் நின்றபோது என் மூளை வெகு சுத்தமாக வேலை செய்தது. மருத்துவப் புத்தகத்தில் எப்போதோ படித்த இரண்டு பந்திகள் நினைவுக்கு வந்தன. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு காய்ச்சல் உண்டு, நெஞ்சைப் பிடிக்கும். எங்கள் மருந்துக் காம்பராவுக்குப் பின்னால் ஒருத்தி கிளி வளர்க்கிறாள், வாயால் ஊட்டுகிறாள் என்றேன்.

துரையின் முகம் விரிந்தது. நிம்மதி அப்படித்தான் இருக்கும். அவருடைய நிம்மதி என்னையும் தொற்றிக்கொண்டது. "எல்லாவற்றையும் அழித்துவிடு" என்றார்.

இறங்கி வரும் வழியில் எனக்கு வெட்கமாக இருந்ததா? இல்லை. இத்தனை வருடம் என் வயிற்றைப் புரட்டிய ஒன்றுக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை கணக்கப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சாய்ப்புக்குப் போனேன். அவர்தான் வலிய வந்தார். ஏழு கிளிகள் இருந்தன. மூன்று குஞ்சுகள், பிசினிலிருந்து மீண்ட நான்கு பெரியவை. அந்த நான்கும் அடுத்த வாரம் பறக்க வேண்டியவை.

அவளை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். முழுதும் கேட்டாள்.

"பன்னெண்டு வருசமா வாயால குடுக்குறேங்கய்யா. எனக்கு அந்தக் காய்ச்ச வந்துச்சா?"

"உனக்கு விளங்காது."

"செத்த புள்ளைங்க ஒண்ணுகூட இந்தப் பக்கம் வந்ததில்லீங்களே."

"சொன்னால் கேள். துரையின்ரை உத்தரவு."

"அப்ப தெறந்து விட்டுடுறேங்க. நாலு பறந்துடும். குஞ்சுகள நான் காட்டுக்குக் கொண்டுபோறேன்."

"விட்டால் லயத்துக்குத்தான் வரும்."

"எங் கிளி மனுசங்கிட்ட வராதுங்கய்யா. ஒங்களுக்குத் தெரியுமே."

தெரியும். டாக்டர் வரும்போது நோய்க்காரணம் அழிக்கப்பட்டது என்று காட்ட எனக்குப் பிணங்கள் வேண்டியிருந்தன. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஏலாது என்று தலையை ஆட்டினேன்.

"ஒரு வாட்டி தீனி குடுத்துட்டு வந்துடுறேங்க" என்றாள்.

நாங்கள் வெளியே காத்திருந்தோம். கணக்கப்பிள்ளை சுருட்டுப் பற்றவைத்தார். உள்ளே அவள் மெல்லும் சத்தமும் குஞ்சுகள் விழுங்கும் சத்தமும் கேட்டன. எச்சில் என் வாயில் ஊறியது, துப்பினேன். அரைமணி நேரம் கழித்து அவள் வெளியே வந்து, வாயைக் கழுவிக்கொண்டு, ஓரமாக நின்றாள்.

கணக்கப்பிள்ளை கழுத்தைத் திருகித்தான் கொன்றார். ஒரு பெரிய கிளி அவருடைய சுட்டுவிரலை எலும்பு தெரியக் கடித்துவிட்டது. அவர் கூச்சல் போட்டுக்கொண்டே மிச்சத்தைச் சுவரில் அடித்தார். மூன்று குஞ்சுகளும் நிறைந்த இரைப்பையோடு, தொண்டை புடைத்து, அவர் கைக்கே வாயைத் திறந்தன. அவற்றுக்கு யார் கை என்று தெரியவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு எழுத்தைச் சொல்வாள் என்று நின்றேன். சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை. சாக்கை எடுத்துவந்து ஏழையும் அடுக்கினாள். நான் கணக்கப்பிள்ளையின் விரலைக் கழுவி ஐந்து தையல் போட்டேன். நேர்த்தியான தையல். தழும்புகூடத் தெரியாமல் ஆறியது.

டாக்டர் வந்தார். சாக்கைப் பிரித்துக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, வேளையோடு செய்திருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார். லயத்துக்குள் அவர் போகவில்லை; மழை. காரணம் அழிந்துவிட்டதால் தகரம் மாற்றவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று.

நான் நினைத்துப் பார்க்காத ஒன்று அதன் பிறகு நடந்தது. நான் சொன்னதை லயத்துச் சனங்கள் நம்பினார்கள். அவர்களுக்கு நானும் டாக்டர் ஐயாதான், ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கிளிக்காரி தன் வாயால் மூன்று குழந்தைகளைக் கொன்றுவிட்டாள் என்று பேச்சு பரவியது. பீலியில் அவள் தண்ணீர் பிடித்தால் மற்றவர்கள் குடத்தைக் கவிழ்த்தார்கள். ராக்காயி அவளுடைய காம்பராக் கதவில் சாணியைக் கரைத்து ஊற்றினாள். ஊற்றிவிட்டு அந்தச் சாணியிலேயே உட்கார்ந்து கதறினாளாம். கிளிக்காரி கதவைத் திறந்து அவளைத் தூக்கப்போயிருக்கிறாள். ராக்காயி அவள் கையைக் கடித்துவிட்டாள்.

கடித்த இடத்தில் மருந்து போட என்னிடம்தான் வந்தாள்.

"ஐயா, ஒரு வார்த்தைங்க. கிளி போனது போகட்டும். புள்ளைங்கள நான் கொன்னேன்னு சொல்றாங்க. அந்தப் பேரோட எப்படிங்க இருக்கிறது? பெரட்டுல நின்னு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

மறுநாள் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் அவள் நின்றாள். நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன், போகவில்லை. அதற்கடுத்த நாளும் நின்றாள். மூன்றாம் நாளும். நான்காம் நாள் மருந்துக் காம்பரா கூட்டப்பட்டிருந்தது, கட்டுத்துணிகள் துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தன, அவள் தோட்டத்தில் இல்லை.

அடுத்த மழைக்கு இன்னும் இரண்டு குழந்தைகள் செத்தன. அப்போது கிளி எதுவும் இல்லை. யாரும் என்னிடம் வந்து ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலிருந்ததில் எனக்கு ஏற்பட்ட ஆறுதலை நினைக்கும்போது இன்றும் என் தோல் கூசுகிறது. அப்போதுதான் தகரத்துக்காக மறுபடி எழுதத் தொடங்கினேன். மூன்று வருடம் எழுதிய பிறகு ஒரு லயத்துக்கு மட்டும் போட்டார்கள்.

ஐந்து வருடம் கழித்துப் பதுளை பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். வெலிமடையிலிருந்து வந்த பஸ்ஸில் இருந்து கரட்டும் லீக்ஸும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிதறிய இலைகளுக்கு நடுவே அவள் குனிந்து ஏதோ பொறுக்கினாள். தலை நரைத்து, பற்கள் பாதி விழுந்திருந்தன. நான் கிட்டப்போனதும் நிமிர்ந்தாள்.

"ஐயாங்களா. நல்லா இருக்கீங்களா?"

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். எங்கள் தோட்டத்துக்குக் கீழே, ஆற்றோரக் கிராமத்தில் ஒரு சிங்களக் கிழவரின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாளாம். குஞ்சுகள் இருக்கின்றனவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் மடியில் சுருட்டியிருந்த சோளக்கதிர்கள் தெரிந்தன.

அங்கேயே, அந்தச் சந்தடியில், சொல்லிவிட்டேன். "நான் பொய் சொன்னனான். அது கிளியாலை வந்ததில்லை. எனக்கு அப்பவே தெரியும்."

"எனக்கும் அப்பவே தெரியுங்கய்யா" என்றாள்.

நான் அழத் தொடங்கினேன். அவள் அதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சீ" என்றாள். சத்தமாக இல்லை. "இங்க வந்து என்கிட்ட அழுதா என்னாங்க? அங்க போயி சொல்லுங்க."

மறுநாள் காலை பெரட்டுக் களத்துக்குப் போனேன். துரை மாறியிருந்தார், புதியவர் பெரட்டுக்கு வருவதில்லை. கணக்கப்பிள்ளை மட்டும் "இப்ப எதுக்குங்க பழசையெல்லாம்?" என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கையை உதறினேன். கூடைகளோடு நின்ற பெண்களுக்கு முன்னால் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையள் கிளிக் காய்ச்சலிலை சாகேல்லை. அவள் ஒரு குற்றமும் செய்யேல்லை. அது நான் கட்டின பொய்."

பின்வரிசையிலிருந்து ராக்காயி முன்னால் வந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை.

"அப்ப எம்புள்ள எதனால செத்துச்சு?"

"கக்குவான். முதல் பிள்ளைக்கு வந்த அண்டைக்கே புள்ளக் காம்பராவை மூடியிருக்க வேணும். நான் மூடச் சொல்லேல்லை. கூரை ஒழுகினது. அதுக்கு ஒருதரம் எழுதிப்போட்டு நான் விட்டிட்டன்."

"அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். சாணியைக் கரைத்த கை. பிறகு கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் என் மருந்துக் காம்பராவுக்கு ஒருவரும் வரவில்லை. காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு நடந்தே போனார்கள்.

பெரட்டில் சொன்ன அன்று மத்தியானமே நான் ஆற்றோரக் கிராமத்துக்கு இறங்கினேன். அவள் குடிசைக்கு வெளியே, வெகு தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன் என்றேன். என் குரலில் ஏதோ ஒரு பெருமை இருந்திருக்க வேண்டும். சொன்ன மறுகணமே அது எனக்குக் கேட்டது.

அவள் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தன் பெயர் மீண்டதா என்றும் கேட்கவில்லை.

"ராக்காயி என்னா சொன்னா?"

"ஒண்டும் சொல்லேல்லை. கையைப் பார்த்தவள். பிறகு கொழுந்துக்குப் போயிட்டாள்."

"அவகூட யாராச்சும் போனாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை. தனியத்தான்."

அவள் சோளத்தைக் கீழே வைத்தாள். "ஒண்டியா விட்டுட்டு வந்துட்டீங்களே ஐயா" என்றாள். எழுந்து கையை உதறி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஐந்து வருடமாக மிதிக்காத அந்தத் தோட்டத்தை நோக்கி ஒற்றையடிப் பாதையில் ஏறத் தொடங்கினாள். வெயில் கொதித்தது. வயதான கால்கள், ஆனால் விறுவிறுவென்று நடந்தாள். நான் கூப்பிட்டால் நிற்கமாட்டாள் என்று தெரிந்தது. பின்னால் போக எனக்கு முகமில்லை.